முள் சொன்னதும் குச்சி சொன்னதும்

படிக்காத முட்டாளைத் திருத்திவிடலாம். படித்த முட்டாள் இருக்கிறானே, அவன் காரணகாரியத்தோடு முட்டாளாக இருப்பான். பிரம்மாவே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் ஊரைப் பார்த்துச் சொல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதக் காலையில், கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு ஏற்காட்டுக் குளிரிலும் வியர்த்து நின்ற ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறேன். அது நான்தான்.

நான் சேலத்துப் பையன். மெக்கானிக்கல் என்ஜினியர். (அப்போதுதான் பாஸ் செய்திருந்தேன். அதனால் வீட்டில் மிக்ஸி நின்றால்கூட என்னைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது.) பெண், ஏற்காட்டு மலைமேல் கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவரின் மகள் வசந்தா. வருங்கால மாமனாருக்கு என்மேல் அரை மனசுதான். "டவுன் பசங்க, பகட்டு சாஸ்தி" என்று இழுத்திருக்கிறார். "படிச்ச பையனுங்க, எதுலயும் கணக்கா இருப்பாரு" என்று தரகர் அடித்துச் சொன்ன பிறகுதான் தலையாட்டினாராம். அந்த 'கணக்கா இருப்பாரு' என்ற ஒற்றை நூலில்தான் என் மரியாதை தொங்கிக்கொண்டிருந்தது.

முகூர்த்தம் பெண் வீட்டில். எங்கள் ஜனம் மொத்தமும் பஸ்ஸில் போக ஏற்பாடு. மாப்பிள்ளையும் பஸ்ஸிலா? என் நண்பன் துரைசாமியின் வீட்டு ஷெட்டில் அவன் அப்பா காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடந்தது. சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். சாவியோடு ஒரு மூங்கில் குச்சியையும் கொடுத்தான்.

"பெட்ரோல் முள்ள மட்டும் நம்பாதடா. அது அதும்பாட்டுக்குக் காட்டும். குச்சிய டாங்குக்குள்ள உட்டுப் பாரு. நனைஞ்ச வரைக்குந்தான் பெட்ரோலு."

என்ஜினியரிடம் குச்சியை நீட்டுகிறான்! சிரித்துக்கொண்டே வாங்கிப் பின்னால் போட்டேன்.

முதல் நாள் மலை ஏறும்போதே முள்ளின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏற்றத்தில் முள் நிமிர்ந்து எழுந்தது. கொஞ்சம் இறக்கம் வந்தால் படுத்துக்கொண்டது. வண்டி சாயும்போது பெட்ரோல் டாங்கின் பின்பக்கம் ஒதுங்குகிறது, அங்கே இருக்கிற மிதவையைத் தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான். கண்டுபிடிப்பில் பிழையே இல்லை. இதிலிருந்து மூளையுள்ள மனிதன் என்ன முடிவுக்கு வருவான்? குச்சியை எடுப்பான். நான் வந்த முடிவு வேறு: ஏற்றத்தில் காட்டுவது நிஜம், இறக்கத்தில் காட்டுவது பொய். ஏன் அப்படி என்று கேட்டால், ஏற்றத்தில் காட்டியதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை, ஏரிப் பக்கத்து லாட்ஜ் வாசலில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் நின்றது. முள் அரை டாங்கு என்றது. பூக்காரர் முன்பக்கம் செவ்வந்தி மாலையைச் சுற்ற ஒரு குச்சி கேட்டார். எந்தக் குச்சியைக் கொடுத்தேன் என்று வேறு சொல்லவேண்டுமா?

தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் தாய்மாமா பக்கத்தில் ஏறினார். துணிக்கடைக்காரர், என் படிப்பின்மேல் அவருக்கு அப்படியொரு பக்தி.

"கண்ணு, பங்க்கு பக்கத்துலதான் இருக்குது. பெட்ரோல் ஊத்திக்கலாமா?"

"அரை டாங்கு இருக்குதுங்க மாமா. போதும்."

பஸ்ஸுக்கு முன்னால் போய் இறங்கினால்தானே எடுப்பாக இருக்கும் என்று முதலிலேயே கிளம்பிவிட்டோம். இறக்கம் வந்தது. முள் தரைமட்டம்.

"கண்ணு, முள்ளு படுத்துக்கிச்சு!"

"அது எறக்கத்துப் பொய்ங்க மாமா" என்று என் தத்துவத்தை விளக்கினேன்.

மாமாவின் கண் விரிந்தது. "அப்ப ஏத்தமா போனா பெட்ரோலு பெருகுதுன்னு சொல்லு!"

"பெருகலைங்க மாமா. பெருகுன மாதிரி காட்டுது."

இந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது. வாய்க்கும் காதுக்கும் நடுவில் இருக்கவேண்டியது அன்று விடுமுறையில் இருந்திருக்கிறது.

கொட்டச்சேட்டுக்குச் சற்று முன்னால் ஒரு மேடு. பாதி ஏறியதும் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. முள் கால் டாங்கு இருக்கிறது என்றது. எஞ்சின் இல்லை என்றது. நான் முள்ளின் கட்சி. இறங்கி, முன்மூடியைத் திறந்து, ஜாதகம் பார்ப்பவன் மாதிரி உள்ளே முறைத்துவிட்டு மூடினேன்.

"இன்னுங் கொஞ்சம் செங்குத்தா நிறுத்திப் பாரு கண்ணு, டாங்கு ரொம்பிக்கும்" என்றார் மாமா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அதற்குள் பின்னால் எங்கள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஒற்றை வண்டி போகிற தோட்டத்து ரோடு, ஒதுங்க இடமில்லை. தாலி, மாப்பிள்ளை, மேளக்காரர், மொத்தச் சொந்தபந்தம், எல்லாம் ஒரு காலி டாங்குக்குப் பின்னால் வரிசையாக நின்றன. முகூர்த்த நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. துரைசாமி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். செவ்வந்தியைப் பிய்த்துக் குச்சியை உருவினான். டாங்குக்குள் விட்டு எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். நுனி மட்டும் நனைந்திருந்தது. ஓர் எறும்பு குளிக்கக்கூடப் பத்தாது.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, தள்றதுங்களா? இல்ல, பொண்ண இங்கயே வரச் சொல்லித் தாலி கட்டிக்கறீங்களா?"

நானும் தள்ள வந்தேன். "கங்கணம் கட்டுன மாப்ள வண்டி தள்றதா? ஏறி உக்காரு!" என்று அத்தை போட்ட சத்தத்தில் ஏறி உட்கார்ந்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய என் உறவினர்கள் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு தள்ளினார்கள். அது தங்கள் பரம்பரையும்தான் என்பதுகூட அவர்களுக்கு அப்போது ஞாபகமில்லை. மேளக்காரர்கள் புண்ணியத்துக்கு வாசித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

மேடு முடிந்ததும் கார் தானாக இறக்கத்தில் ஓடியது. "பாத்தியா, பெட்ரோலே இல்லாம ஓட்டறான் எங்க பையன்!" என்று பக்கத்து சீட்டிலிருந்து மாமா காற்றோடு கத்தினார். பெண் வீட்டு வாசல். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் அலறி ஒதுங்கினார்கள். பிரேக்கை மிதித்தேன். களத்தில் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டைமேல் பிரேக் என்ன செய்யும்? வழுக்கிக்கொண்டு போய் நடுக்களத்தில் நின்றோம். ஒரு வருஷத்து மகசூலில் எனக்குச் சக்கரத் தடம்.

மாமனார் வந்தார். "என்னங்க மாப்ள ஆச்சு?"

கார்புரேட்டர் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா முந்திக்கொண்டார். ஏற்றம், இறக்கம், நிஜம், பொய் எல்லாவற்றையும் பெருமை பொங்க, கூட்டம் மொத்தத்துக்கும் கேட்கும்படி விளக்கினார். களமே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"கணக்கா இருப்பாருன்னாங்க" என்றார், தரகரைத் தேடிக்கொண்டே. அந்த இடத்திலேயே காப்பிக்கொட்டையோடு கொட்டையாகக் காய்ந்து போய்விடலாம் போலிருந்தது.

முகூர்த்த நேரம் தவறாமல் மயிரிழையில் தப்பித்தோம். அவசர அவசரமாகத் தாலி கட்டினேன். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிரப் போனபோது, குனிந்த தலை நிமிராமல் வசந்தா மெல்லக் கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"முடிச்சு உழுந்துருச்சுங்களா?"

"உழுந்துருச்சு."

"கண்ணால பாத்துச் சொல்லாதீங்க. கையில தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். அவிழ்ந்திருந்தது.

மறுபடி கட்டினேன். அது இன்றுவரை கெட்டியாகத்தான் இருக்கிறது. அந்தக் குச்சி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இது உனக்குத்தான்டா வேணும்" என்று துரைசாமி என் கையிலேயே திணித்தது. கேஸை அணைத்துவிட்டேன், கதவைப் பூட்டிவிட்டேன், மாத்திரை சாப்பிட்டுவிட்டேன் என்று எதைச் சொன்னாலும், பேத்தி உட்பட வீடே சேர்ந்து கேட்கும்: "குச்சி உட்டுப் பாத்தீங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பாதி நாள், கதவு திறந்துதான் கிடக்கிறது.