என் வீடு நீர்நிலையான வரலாறு

நான் எழுதிய மனுக்களில் மிகப் பெரிய வெற்றி பெற்றது ஒன்றுதான். அந்த வெற்றியால் என் வீடே போகப் பார்த்தது.

பக்கத்து வீட்டு வெல்டர் அனுமதி வாங்காமல் மாடியில் ஓர் அறை போட்டான். அறை என்ன அறை, நாலு இரும்புத் தூண், மேலே நெளிதகரம். ஆனால் என் சாய்வு நாற்காலிக்கு வந்துகொண்டிருந்த மாலைக் காற்று அதோடு நின்றுபோயிற்று. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். சும்மா இருப்பேனா? நகரிலுள்ள ஒவ்வொரு கூரையையும் வானத்திலிருந்து கண்காணிக்க ஆவன செய்யுமாறு நகராட்சிக்கு ஒன்பது பக்க மனு போட்டேன். தெருவில் முப்பது பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். வெல்டரும் போட்டான். படிக்கவில்லை.

சின்ன ரேடார் செயற்கைக்கோள்கள் மலிந்து கிடந்த நேரம் அது. முன்பு இதெல்லாம் பெரிய அரசாங்கங்களிடம் மட்டும், பஸ் அளவில், ஒன்றிரண்டு இருக்கும். இப்போது துணி துவைக்கிற மெஷின் அளவுக்குச் சுருக்கி, தனியார் கம்பெனிகள் கொத்துக் கொத்தாக மேலே விட்டிருந்தார்கள். மேகம் மறைத்தாலும் பார்க்கும், இருட்டிலும் பார்க்கும். சந்தா கட்டினால் யாருக்கும் படம். எங்கள் பல் டாக்டர்கூடத் தன் கிளினிக்கின் ரேடார் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். கடைவாய்ப் பல் எக்ஸ்ரே மாதிரியே இருந்தது.

நகராட்சியும் சந்தா கட்டியது. கம்பெனியிடம் நகரத் திட்டம், வயல் திட்டம், காட்டுத் திட்டம் என்று பல இருந்தன. எல்லாவற்றிலும் மலிவு கடல் திட்டம். அதையே வாங்கினார்கள். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் டெண்டர் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை.

கடல் திட்டத்துக்குத் தெரிந்தவை மூன்றே மூன்று. படத்தில் கரடுமுரடாகத் தெரிந்தால் கரை. கறுப்பாகத் தெரிந்தால் தண்ணீர். கறுப்புக்கு நடுவே பளிச்சென்று ஏதாவது தெரிந்தால் கப்பல்.

என் கெட்ட நேரம், அந்த மாதம்தான் மாடிக்கு வழுவழுப் பூச்சு அடிப்பது நாகரிகம் என்று எங்கள் மாப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனார். நான் தண்ணீர்த் தொட்டியைக் கீழே இறக்கி, கைப்பிடிச் சுவரையும் எடுத்துவிட்டு, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கண்ணாடி மாதிரி பூசினேன். ரேடார் அலை வழுவழுப்பான இடத்தில் பட்டால் வந்த வழியே திரும்பாதாம். வழுக்கி வேறு பக்கம் போய்விடுமாம். திரும்பி வராத இடமெல்லாம் படத்தில் கறுப்பு.

முதல் படம் வந்தது. வெல்டரின் தகர அறை அருமையான கரை. என் வீடு தண்ணீர்.

"தங்கள் இல்லம் ஒரு நீர்நிலை எனக் கண்டறியப்பட்டுள்ளபடியால், மேற்படி நீர்நிலைக்குள் தாங்கள் வசித்துவருவதை உடனே கைவிடுமாறும், தவறினால் முப்பது நாளில் கட்டடம் அகற்றப்படும் என்றும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது" என்று நோட்டீஸ் வந்தது.

அதை இரண்டு முறை வாசித்த என் வீட்டுக்காரி, கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏங்க, ஒன்பது பக்கம் எழுதினீங்களே, அதுல ஒரு வரி நம்ம வீட்டை மட்டும் விட்ருங்கன்னு எழுதியிருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. நோட்டீஸை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பினேன்.

கூரைப் பிரிவு அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை.

"சார், என்னைப் பாருங்க. தண்ணிக்குள்ள இருந்து வந்தவன் மாதிரியா இருக்கு? காஞ்சு போயிருக்கேன்."

"ஈரமா இருக்கறதும் காய்ஞ்சு இருக்கறதும் உங்க சொந்த விஷயம் பெரியவரே. அதுல நகராட்சி தலையிடாது."

"ஒரு நடை வந்து பாத்துடுங்களேன்."

"கண்ணால பாக்கறதெல்லாம் பழைய முறை. இது மேகத்தைத் தாண்டிப் பாக்குது."

"சார், மேகமெல்லாம் வேண்டாம். இந்த ஜன்னலைத் தாண்டிப் பாருங்க. அதோ நீலக் கதவு, அதான் என் வீடு. வாசல்ல கோபமா நிக்கறது என் சம்சாரம்."

அதிகாரி எழுந்தார், ஜன்னலருகே போனார், திரையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கேட்டுத்தானே வாங்கினோம்? மனுல முதல் கையெழுத்து உங்களோடது. அழகான கையெழுத்து."

பாராட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

வெல்டர் மாடியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன பெரியவரே, நீச்சல் தெரியுமா?"

எனக்கு ரோஷம் வரவில்லை. வீடு போகப்போகிறவனுக்கு ரோஷத்தை வைக்க இடம் ஏது? "தம்பி, ஏதாவது வழி சொல்லுப்பா" என்றேன்.

அவன் நல்லவன். இப்படிப்பட்டவன்மேல் மனு எழுதினோமே என்று எனக்கு ஒரு நிமிஷம் வருத்தமாகக்கூட இருந்தது. "மூணு தகரத்தை மூலை மாதிரி சேத்து வெச்சா, ரேடார் அலை உள்ள போய் முட்டி வந்த வழியே திரும்பிடும்னு சொல்றாங்க. அப்ப உங்க மாடி கறுப்பா தெரியாது" என்றான். சாயங்காலத்துக்குள் ஆளுயரத்துக்கு ஒன்று செய்து என் மாடி நடுவில் நிறுத்தினான். மூன்றடி போதும் என்று அவன் சொன்னதுதான். பெரிதாக இருக்கட்டும் என்று கேட்டவன் நான்.

அடுத்த படம் வந்தது. கறுப்புத் தண்ணீருக்கு நடுவே பளீரென்று ஒரு வெளிச்சம். "தங்கள் நீர்நிலையில் தொண்ணூறு மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் ஒன்று பதிவு செய்யப்படாமல் நங்கூரமிட்டுள்ளது" என்று இரண்டாவது நோட்டீஸ்.

இந்த முறை என் வீட்டுக்காரியும் கூட வந்தாள்.

"இப்ப இடிப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்று அதிகாரியைக் கேட்டாள்.

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "நீர்நிலைல கட்டடம் இருந்தா இடிக்கணும். கப்பலை இடிக்க எங்களுக்கு அதிகாரமே கிடையாதும்மா. பதிவு மட்டும் பண்ணிக்குங்க. கேப்டன் பேரு?"

நான் தொண்டையைச் செருமினேன்.

"என் பேரை எழுதுங்க" என்றாள் அவள். "இவர் ஓட்டினது போதும்."

"இவரு?"

"மாலுமின்னு போடுங்க. தற்காலிகம்."

வீடு தப்பியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். கப்பலுக்குக் கட்டட விதி எதுவும் கிடையாது, எத்தனை மாடி போட்டாலும் கேட்க ஆளில்லை என்பதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் மாடியை வழித்துப் பூசினார்கள். வெல்டருக்குச் சாப்பிட நேரமில்லை. தன் அறையையே பிரித்துத் தகரமூலை செய்து விற்றான். "உங்களுது எத்தனை மீட்டர்?" என்று பெண்கள் வாசலில் நின்று விசாரித்துக்கொண்டார்கள். நூற்றிருபது மீட்டர் வந்த ஒருத்தி, அறுபது மீட்டர்க்காரியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். மூன்று மாதத்தில் எங்கள் தெருவில் நாற்பத்தொரு கப்பல்.

சுற்றிலும் ஒரே கறுப்பு. காணாமல்போன ஓர் ஏரியைத் தனி ஒருவராக மீட்டெடுத்தார் என்று அதிகாரிக்கு விருது கொடுத்தார்கள். விழா எங்கள் தெருவில், அதாவது ஏரியின் நடுவில், புழுதி பறக்க நடந்தது. ஏரியின் பெருமை பற்றி நானே வரவேற்புரை எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினோம்.

மறுவாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏரிக்குள் வசிப்பவர்களுக்குக் குழாய் இணைப்பு தேவையற்ற செலவு என்று உத்தரவாம். லாரித் தண்ணீர் கேட்டோம். வந்த லாரி தெருமுனையிலேயே நின்றது. "ஏரிக்குள்ள வண்டிய இறக்கக் கூடாதுன்னு ஆர்டர்" என்று டிரைவர் திரும்பிப் போய்விட்டார்.

எல்லோரும் என் வாசலுக்கு வந்தார்கள். "எங்கள் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை" என்று மனுவைத் தொடங்கிவிட்டு, கையெழுத்துக்கு நீட்டினேன். யாரும் பேனாவைத் தொடவில்லை.

"தண்ணி இல்லைன்னு ஒத்துக்கிட்டா ஏரி இல்லைன்னு ஆயிடும் பெரியவரே" என்றான் வெல்டர் மெதுவாக. "ஏரி இல்லைன்னா கப்பல் இல்லை. கப்பல் இல்லைன்னா நாப்பத்தொரு வீட்டு மாடியையும் அளக்க வருவாங்க."

எனக்கே கையெழுத்துப் போடக் கை வரவில்லை. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கேப்டன் என் கையில் இரண்டு குடத்தைக் கொடுத்தாள்.

அடுத்த தெருக் குழாயடியில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால், துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் குடத்தோடு நின்றவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். கூரைப் பிரிவு அதிகாரி.

"சார், நீங்களா?"

"சத்தம் போடாதீங்க பெரியவரே" என்றார் அவர். "போன வாரப் படத்துல நானும் கப்பல்."