மாப்பிள்ளையின் மனதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை

உளவியலில் பட்டம் முடித்தவர்களைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது முதலாம் வருடத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான். நான் முதலாம் வருடத்தில் இருந்தபோது, கண்டியிலிருந்து எங்கள் ஊரான பன்விலைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த யாரும் தப்பவில்லை. ஜன்னலோரம் கேட்டு அடம்பிடிப்பவர், தூங்கி என் தோளில் விழுபவர், போனில் கத்துபவர் என்று எல்லோருக்கும் மனதுக்குள் ஆளுக்கொரு கோளாறை ஒதுக்கிவிட்டுத்தான் இறங்குவேன்.

இது மனதைப் படிக்கும் வித்தை இல்லை என்று எங்கள் விரிவுரையாளர் முதல் நாளே சொன்னாராம். அவர் ஏன் கைகளைக் கட்டிக்கொண்டு பேசுகிறார் என்று ஆராய்ந்துகொண்டிருந்ததில் எனக்கு அது காதில் விழவில்லை.

வீட்டில் என் படிப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன. நான் பைத்தியத்துக்கு மருந்து கொடுக்கப் படிக்கிறேன் என்று அம்மா நம்பினார். ஆளைப் பார்த்ததுமே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று பெரியம்மா நம்பினார். இரண்டையும் திருத்தியிருக்கலாம். (பெரியம்மா சொன்னது கேட்க நல்லா இருந்துச்சு, அதனால விட்டுட்டேன்.)

அப்படித்தான் பெரியம்மாவின் மகள் சுதாக்காவைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. சுதாக்கா கட்டுகஸ்தோட்டையில் ஒரு உடுப்புக்கடையில் வேலை செய்தார். மாப்பிள்ளை பிரதீபன் தெல்தோட்டைப் பக்கம். அவரும் கட்டுகஸ்தோட்டையில்தான் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த சம்பந்தம்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். மூலையில உக்காந்து ஆளை நல்லாப் பாரு. எப்படின்னு என்கிட்ட மட்டும் சொன்னா போதும்," என்றார் பெரியம்மா.

அன்று காலையிலிருந்தே மழை. அவர்கள் வந்த வேன் கீழே வளைவில் சேற்றில் மாட்டிக்கொண்டதால், மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தேயிலைக்குள்ளால் குறுக்கு வழியில் நடந்தே ஏறி வந்தார்கள். தலையைத் துவட்டிக் கதிரையில் உட்காரவைத்தோம். நான் மூலையில் இடம் பிடித்தேன்.

முதலில் சாதாரணமாகத்தான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார். கேட்ட கேள்விக்கு "ம்" என்ற ஒரே பதில். நெற்றியில் வியர்வை. சுதாக்கா தேநீர் கொண்டுவந்து நீட்டியபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கையால் கோப்பையை வாங்கினார், மற்றக் கை முழங்காலுக்கு மேல் காற்சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. பார்வையைத் தவிர்த்தல், பதற்றம், ஒற்றைச் சொல் பதில். பாடக் குறிப்பில் இருந்த அத்தனையும் ஒரே கதிரையில் உட்கார்ந்திருந்தன. எனக்குப் புல்லரித்தது.

குசினிக்குள் போய், அடுப்படியில் நின்ற பெரியம்மாவின் காதில், இவர் எதையோ மறைக்கிறார், அநேகமாக வேறு பெண் இருக்கலாம் என்றேன். பக்குவமாக விசாரிப்பார் என்று நினைத்தேன். அவர் நேராக முன்அறைக்குப் போய் நின்றார்.

"தம்பி, ஒங்க மனசுல வேற யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. எங்க புள்ள கெம்பஸ்ல இதுக்குத்தான் படிக்குது."

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் ஓடியிருக்க வேண்டும். நானோ அவருக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, மனதில் இருப்பதை வெளியே சொன்னால் பாரம் குறையும் என்றேன்.

அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"மனசுல ஒண்ணும் இல்லங்க," என்றார் மெதுவாக. "கால்ல அட்டை. மேல ஏறுது."

யாரும் வாய் திறப்பதற்குள் சுதாக்கா குசினியிலிருந்து உப்புப் போத்தலோடு வந்துவிட்டார்.

"வந்ததுமே சொல்லியிருக்கலாமே பிரதீப்? உள்ள போய் எடுத்துட்டு வாங்க."

பிரதீப். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. அட்டையை எல்லோரும் மறந்துபோனார்கள். அவர் உப்போடு குளியலறைக்குள் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஏற்கனவே விருப்பம். அந்தத் தெரிந்தவரைப் பிடித்து, ஒன்றும் தெரியாத மாதிரி சம்பந்தம் பேச அனுப்பியதே இவர்கள்தான்.

பெரியம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். சுதாக்கா குசினியில் அழுதார். கல்யாணம் நின்றால் என் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்றார். மாப்பிள்ளை காற்சட்டையில் இரத்தக் கறையோடு வந்து, யாரையும் பார்க்காமல் அதே கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா அந்தக் கறையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இப்போது எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தப் புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு. யாரோ இருந்திருக்காங்க. ஆனா வேற யாரும் இல்ல, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகுதான் பெரியம்மா தேநீரைத் திரும்பச் சூடாக்கச் சொன்னார்.

சுதாக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் என்னோடு திரும்பப் பேசினார். நான் பட்டம் முடித்து, இப்போது கண்டியில் ஒரு பாடசாலையில் உளவள ஆலோசகராக இருக்கிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்தப் பட்டத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், "அவகிட்டக் கேக்குறதுக்கு முந்திக் காலைப் பாரு," என்பார் பெரியம்மா. பிரதீபன் அத்தான் என் வீட்டுக்கு வந்தால், உள்ளே வருமுன் காற்சட்டையைச் சுருட்டிக் காட்டிவிட்டுத்தான் வருவார்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுதாக்காவின் மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக அழுதுகொண்டிருந்தாள். வகுப்பில் கூட்டாளி அவளை விட்டு வேறு பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டாளாம். அது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பக்கத்தில் போய், என் தொழிலுக்குரிய அத்தனை நிதானத்தோடும், என்ன நடந்தது என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கால்களையும் என் முன்னால் நீட்டினாள்.

"நான் பாத்துட்டேன் சித்தி. அட்டை இல்ல. மனசுதான்."