இரண்டு புட்டி குப்பைமேனி

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: "செவ்வாய், காலை 9.40. லேசான மேகமூட்டம். குப்பைமேனி இலை, இரண்டு புட்டி, ஆல்கஹாலில் ஊறவைத்தேன்." எந்தப் புட்டியில் எந்த இடத்து இலை என்பது மட்டும் இல்லை. அதைப் புட்டியின் மேலேயே எழுதியிருந்தேன்.

அப்போது கல்யாணமாகி நான்கு மாதம். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ரயிலேறி, பெங்களூரில் ஒரு மூலிகை ஆய்வகத்துக்குப் போய்வந்தேன். உதவியாளர் வேலைதான். (வீட்டில் விஞ்ஞானி என்று நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை.)

என் மாமியார் காய்ச்சும் குப்பைமேனித் தைலத்தை எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் எல்லாரும் புண்ணுக்குப் பூசுவார்கள். அதை ஆண்டர்சன்பேட்டையில் தன் அண்ணன் கடையில் விற்க அவருக்கு ஆசை. "விஷமில்லன்னு பேப்பர் கொண்டா, வெக்கிறேன்" என்றுவிட்டார் அண்ணன்.

அத்தை இரண்டு கட்டு இலை கொடுத்தார். ஒன்று கொல்லையில் பறித்தது. மற்றது, சுரங்கக் கழிவு குவிந்துகிடக்கும் சயனைடு மேட்டடியில் பறித்தது.

"எதுல காய்ச்சறீங்க அத்தை?"

"ரெண்டையும் கலந்துதான். மேட்டு இலைக்குக் காரம் ஜாஸ்தி."

உப்புத் தண்ணீரில் நெளியும் பொடி இறால் குஞ்சுகளோடு சாற்றைக் கலந்து, மறுநாள் எத்தனை பிழைத்தன என்று பார்ப்பது முதல் சோதனை. ஒரு கிண்ணத்தில் எல்லாம் நீந்தின. மற்றதில் ஒன்றும் அசையவில்லை. எந்த இலை என்று பார்க்கப் புட்டிகளைத் திருப்பினேன். வழிந்த ஆல்கஹால் என் அழகான கையெழுத்தை நீலக் கறையாக்கியிருந்தது. இரண்டிலும்.

மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்களையும் உட்காரவைத்துக் காத்திருந்தார் அத்தை.

"இன்னாம்மா சொல்லுது உன் லேப்பு?"

"ஒரு இலை நல்லது அத்தை. இன்னொண்ணு இறாலைக் கொன்னுடுச்சி."

"எது?"

"அதான் தெரியல."

"எப்போ ஊறப்போட்டேன்னாவது தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமை, ஒம்பது நாப்பது."

சுரங்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார் பேப்பரை மடித்தார். "சுரங்கத்துக்குள்ள கேஜு லிப்டுல எறங்கற ஒவ்வொருத்தனுக்கும் டோக்கன் இருந்துச்சி. எவன் மேல வரலன்னு அதுல தெரிஞ்சிடும். உன் புட்டிக்கு இன்னா டோக்கன்மா?"

மறுபடி சோதிக்க வழியில்லை. வீட்டு இலை இனி ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்றார் மேற்பார்வையாளர். அத்தை காய்ச்சி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மாமா தன் பித்தளை டோக்கனை என் சாப்பாட்டுப் பையில் கட்டிவிட்டார். இன்றும் உப்பு டப்பாவை எடுத்தால் "டோக்கன் பாத்து எடும்மா" என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என் மகளை முதலில் கையில் வாங்கியபோது அத்தை கேட்டது: "நம்மளுதுதானே? டோக்கன் பாத்தியா?"

இப்போது கொல்லை இலையில் மட்டும், வீட்டுக்கு மட்டும் காய்ச்சுகிறார். கொன்றது மேட்டு இலைதான் என்று எல்லாரும் நம்புகிறார்கள். கொல்லை இலையாகவும் இருக்கலாம். இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.