ட்ரேஸ் பேப்பரில் பொருந்திய புராசசர்

எந்திரங்களை நான் ஒருநாளும் புரிந்துகொண்டதில்லை. அவற்றின்மேல் ஆசை மட்டும் பட்டிருக்கிறேன். புரிந்துகொண்டவன் மெதுவாகத் தொடுவான். ஆசைப்பட்டவன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பான். நான் இரண்டாவது ரகம்.

2009. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று மூன்றையும் வடிவமைப்பேன். மூன்றுக்கும் கவிதையும் நானே. (அஞ்சலிக் கவிதைகளுக்குத்தான் நல்ல கிராக்கி. படிக்க வேண்டியவர் குறை சொல்ல வரமாட்டார்.) கல்யாணமாகி நாலு மாதம். சிதம்பரத்தில் இருந்த பெண் வீட்டில் எனக்குக் ‘கம்ப்யூட்டர் மாப்பிள்ளை’ என்று பெயர். எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்தைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும்தான். ஆனால் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் முதுகு தானாக நிமிர்ந்தது.

என் மனைவி அமுதா அப்போது எம்.ஃபில். முடிக்கும் தறுவாயில் இருந்தாள். பரங்கிப்பேட்டைக் கடலோர நண்டுகள் அவள் ஆராய்ச்சி. அண்ணாமலை நகருக்குப் போய்வர வசதி என்று அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அண்ணன் செந்தில் வீட்டு முன்கட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைப் பிரித்து, மயிரிழைத் தாமிரக் கம்பியைச் சுற்றிச் சுற்றி உயிர் கொடுப்பவர். தங்கைக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. உள்ளே இருந்த புராசசரும் அப்படித்தான்.

பிரச்சினை அங்கேதான். அமுதாவின் பவர்பாயின்ட்டில் நாற்பது நண்டுகள் இருந்தன. ஒரு நண்டிலிருந்து இன்னொரு நண்டுக்குப் போவதற்குள் அலை வந்து திரும்பிவிடும்.

“ஏங்க, ஸ்லைடு மார்றதுக்குள்ள எக்ஸாமினரு டீ குடிச்சிட்டு வந்துருவாரு,” என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள். “வைவா அன்னிக்கி வரும்போது பென் டிரைவ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. காப்பி எடுத்து வேற சிஸ்டத்துல போட்டுக்கறேன்.”

பென் டிரைவ்! புது மாப்பிள்ளை பென் டிரைவோடு போவதா? நான் புராசசரோடு போவது என்று முடிவெடுத்தேன்.

திருப்பாப்புலியூரில் ரஃபி பாய் பழைய லேப்டாப்புகளைப் பிரித்து விற்பவர். அவரிடம் ஒரு கோர் டூ டியோ புராசசர் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறியது. பச்சைத் தகடு, அடியில் புல் முளைத்த மாதிரி பொன்னிறப் பின்கள். அதைக் கையில் வாங்கியபோது ஒரு ஊரையே உள்ளங்கையில் ஏந்திய மாதிரி இருந்தது.

“அண்ணே, ஒங்க போர்டுல சிப்செட்டு இன்னான்னு பாத்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“பாத்துக்கலாம் பாய்,” என்றேன். சிப்செட் என்பது அந்தப் பச்சைத் தகட்டின் இன்னொரு பெயர் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் சரிபார்க்காமல் போகிறவன் அல்ல நான். எனக்கு ஒரு தொழில்முறை இருந்தது. நாலு கலர்ப் பத்திரிகை அச்சடிக்கும்போது ஒவ்வொரு கலரையும் தனித்தனி ட்ரேஸ் பேப்பரில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக விளக்கு மேசையில் வைத்துப் பார்ப்போம். மூலையில் இருக்கும் கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டால் மணமகளின் உதட்டுச் சிவப்பு மூக்கில் ஏறாது. அதே முறைதான். சென்டரின் ஸ்கேனரில் புதுப் புராசசரைக் குப்புறப் படுக்கவைத்தேன். அதன் பின்களை அளவு மாறாமல் ட்ரேஸ் பேப்பரில் பிரிண்ட் எடுத்தேன். பழைய புராசசரின் பின்கள்மேல் இந்தப் பேப்பரை வைத்துப் பார்க்க வேண்டியது. புள்ளி விலகாவிட்டால் பொருத்தம். உலகத்தில் வேறு எவனுக்காவது இது தோன்றியிருக்குமா? (தோன்றாததன் காரணம் பிற்பாடு தெரிந்தது.)

வைவா அன்று காலை பத்து மணிக்கே சிதம்பரம் போய்விட்டேன். வாய்மொழித் தேர்வு பிற்பகல் மூன்றுக்கு. அமுதா உள்ளறையில் புடவைக்கு இஸ்திரி போட்டபடி நண்டுகளின் லத்தீன் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“பென் டிரைவ்?” என்று கேட்டாள்.

“எதுக்கு? ஒரு மணி நேரம் குடு. இதே பறக்கும்.”

லேப்டாப்பைக் கடை மேசையில் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, ஃபேனைக் கழற்றி, பழைய புராசசரை எடுத்தேன். செந்தில் மச்சான் கையில் இருந்த மோட்டாரை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். ட்ரேஸ் பேப்பரைப் பின்கள்மேல் விரித்தேன். அடடா! நானூற்று எழுபத்தெட்டுப் பின்னும் நானூற்று எழுபத்தெட்டுப் புள்ளியில். பரவசம் தாங்கவில்லை. புள்ளிகள் ஓட்டையாகிறதா என்று ஸ்கேலை வைத்து ஒரு அழுத்தும் அழுத்திப் பார்த்தேன்.

“மாப்ள,” என்றார் செந்தில், “போல்ட்டு ஓட்டை பொருந்திட்டா மோட்டாரு ஓடிருமா? ஸ்டார்ட்டரு ஒத்துக்கணுமே?”

“மச்சான், இது பம்புசெட்டு இல்ல. கம்ப்யூட்டரு.”

“அதுவும் கரண்டுலதான ஓடுது?”

புதுசை உள்ளே வைத்தேன். வெண்ணெய்போல் இறங்கியது. பூட்டினேன். பட்டனைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருட்டு. கார்த்திகை மழைக்கு முந்தைய கடல் மாதிரி, ஆழமான, பதில் சொல்லாத இருட்டு.

மறுபடி தட்டினேன். இருட்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இருட்டு. மணி பதினொன்றரை. வெளியே போய் ரஃபி பாய்க்குப் போன் போட்டேன்.

“பின்னு ஒண்ணுதாண்ணே, உக்காரும்,” என்றார் நிதானமாக. “போர்டுல ஒட்டி வெச்ச இன்னொரு சிப்பு இருக்கும் பாருங்க, அதான் சிப்செட்டு. அது என்ன வேகத்துல பேசுமோ அந்த வேகத்துல பேசறத மட்டுந்தான் சேத்துக்கும். ஒங்களுது ஐந்நூத்தி முப்பத்தி மூணா இருக்கும். நீங்க எடுத்துட்டுப் போனது எண்ணூறு. நாந்தான் அன்னிக்கே கேட்டனே?”

கேட்டார்தான். பரவாயில்லை, பழையதையே மாட்டிவிட்டால் போயிற்று என்று திரும்பினேன். பழையது இறங்கவில்லை. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் மூன்று பின்கள் காற்றடித்த நெற்பயிர்போல் சாய்ந்து கிடந்தன. என் ஸ்கேல் அழுத்திய இடம்.

அந்த நேரம் பார்த்து அமுதா புடவையோடு வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள். லேப்டாப் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. என்னைப் பார்த்தாள்.

“அதுக்குள்ள மட்டுந்தாங்க இருக்கு. ஒரு வருஷ வேல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தெருவில் வேறு லேப்டாப் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாட்டலாம் என்றால், அவளுக்குத் தெரிந்த ஒரே லேப்டாப் அவள் புரொஃபசருடையது. அதையும் திறந்து பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. இந்த வைவா தள்ளிப்போனால் வெளியூர் எக்ஸாமினர் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. மணி பன்னிரண்டேகால்.

“மாப்ள, எழுந்திரிங்க,” என்றார் செந்தில். “அமுதா, அந்த ஊசி முன பென்சில் வெச்சிருப்பியே, எடுத்தா.”

லெட் பென்சிலின் உள்ளிருந்த கரியைத் தட்டிக் கொட்டினார். முனையில் இருந்த மெல்லிய குழாயை முதல் பின்மேல் நுழைத்தார். கண்ணுக்குப் பூதக்கண்ணாடி, மூச்சு இல்லை. ஓர் அசைவு. பின் நிமிர்ந்தது. இரண்டாவதும் நிமிர்ந்தது. மூன்றாவது மற்றதைவிட ரொம்பவே சாய்ந்திருந்தது.

“ஒடஞ்சா?” என்றேன்.

“ஒடஞ்சா நீங்க கடலூருக்கு நடந்தே போவீங்க. பேசாத நில்லுங்க.”

தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஆனி மாத வெயில் தகரக் கூரையில் இறங்கியது. அவர் நெற்றி வியர்வை உருண்டு மூக்கு நுனியில் நின்றது. அமுதா துண்டால் ஒற்றி எடுத்தாள். பென்சில் ஒரு மயிரளவு சாய்ந்தது, நின்றது, மறுபடி சாய்ந்தது. வாழ்க்கையில் எத்தனையோ கவிதைக்குக் காத்திருக்கிறேன். எதற்கும் அப்படிக் காத்ததில்லை.

நிமிர்ந்தது.

அதற்குள் மணி இரண்டேகால் ஆகிவிட்டது. பரபரவென்று நானே மாட்டினேன். (மச்சான் கை கழுவப் போயிருந்தார். அவர் செய்த ஒரே தவறு அது.) பட்டனைத் தட்டியதும் திரை வெளுத்தது. நண்டுகள் வந்தன, பழைய நத்தை நடையிலேயே. அமுதா சிரித்துவிட்டாள். மூன்று பேரும் கத்திய கத்தலில், லேப்டாப்பின் ஃபேன் சத்தம் கேட்கவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரே வண்டியில் மூன்று பேர். மூன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் அண்ணாமலை நகர். அமுதா ஹாலுக்குள் ஓடினாள். நானும் மச்சானும் வராந்தா ஜன்னலில் நின்றோம். எட்டாவது நண்டு வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கர்ச்சீப்புக்காகச் சட்டைப் பையில் கைவிட்டேன். இரண்டு ஸ்க்ரூ தட்டுப்பட்டது. பிறகு அந்தச் சின்ன ஃபேன் வயர் ஞாபகம் வந்தது. அதை மாட்டியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

“மச்சான்...”

“இன்னா?”

ஒன்பதாவது நண்டு பாதி வந்து அணைந்தது. சூடேறிய லேப்டாப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

அமுதா ஜன்னல் பக்கம் ஒரே ஒரு முறை திரும்பினாள். அந்தப் பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகையில் ஒரு ஓடு, ஒரு கொடுக்கு, ஒவ்வொரு காலாக வரைந்தாள். மீதி முப்பத்திரண்டு நண்டையும் வாயாலும் சாக்பீஸாலும் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே அழைத்தாள். எக்ஸாமினர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிவில் அவர் சொன்னாராம்: “படம் போனதுக்கு அப்பறந்தாம்மா நீ பேச ஆரம்பிச்ச.”

அதற்குக் காரணம் நான்தான் என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மறுமுறை சொல்லவில்லை.

இன்றைக்கும் அந்த வீட்டில் குக்கருக்கு வாஷர் வாங்கினாலும், யாருக்காவது வரன் பார்த்தாலும், “ட்ரேஸ் போட்டுப் பாத்தாச்சா?” என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது என் மகள் குரல். அன்று அவள் பிறந்திருக்கவேயில்லை.

அந்தக் கோர் டூ டியோ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செந்தில் மச்சான் அதைத் தாமிரக் கம்பியில் கோத்து, கடை வாசலில் எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில் திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருக்கிறார். எலுமிச்சை வாரம் ஒருமுறை மாறும். இது மாறுவதில்லை. மோட்டார் கொண்டுவருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, “இன்னா செந்திலு இது?” என்பார்கள்.

“எங்க மாப்ளையோட மூள.”

“வேல செய்யுதா?”

“மூளைக்கி ஒரு கொறையும் இல்லீங்க,” என்பார் மச்சான், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும். “உக்கார்ந்த எடந்தான் ஒத்துக்கல.”