மிமிக்குப் பூச்சி மருந்து

மனைவியைப் பறிகொடுத்துத் தாடி வளர்த்திருப்பவன் தனியாகக் கடைக்குப் போய்க் கேட்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு. நான் அதைத்தான் கேட்டேன்.

ஸ்டெல்லா போய் முப்பதாம் நாள் பூசைகூட ஆகவில்லை. அவள் விட்டுப்போன பூனை மிமி, அவள் தலையணையிலேயே படுத்துக்கொண்டு நாளுக்கு நாள் இளைத்தது. வயிறு மட்டும் உப்பல். வாலடியில் சோற்றுப் பருக்கை போல ஏதோ ஒட்டியிருந்தது. (என் சமையல்தான், வேறென்ன என்று துடைத்துவிட்டேன்.) கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். "அது சோறில்ல சார், நாடாப்புழு. பூச்சி மருந்து வாங்கிக் குடுங்க" என்றார். இதுவும் போய்விட்டால், வீட்டில் என்னோடு சேர்ந்து ஸ்டெல்லாவைத் தேட இன்னொரு உயிர் இருக்காது. செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மெடிக்கலுக்குப் போயிருக்க வேண்டும். முத்தியால்பேட்டையில் உரமும் தீவனமும் விற்கிற கடையில் போய் நின்றேன். (மாட்டுக்கு இருந்தால் பூனைக்கும் இருக்கும் என்று ஒரு கணக்கு.)

"பூச்சி மருந்து குடுங்க."

"எந்தப் பயிருக்குங்க?"

"பயிருக்கில்ல, வீட்டுக்குத்தான். குடிக்கிற மாதிரி வேணும்."

கடைக்காரர் என் தாடியைப் பார்த்தார்.

"ரொம்பக் கசக்கக் கூடாது. துப்பிட்டா வீணாப்பூடும்" என்றேன்.

"உக்காருங்க சார், உள்ள இருக்குது, எடுத்தாறேன்" என்றவர், என் கையில் ஒரு சோடாவைத் திணித்துவிட்டு உள்ளே போய்ப் போனில் பேசினார். என்ன மரியாதை என்று பூரித்துப்போனேன்.

சோடா தீர்வதற்குள் ஸ்கூட்டரில் வந்து குதித்தாள் ஆக்னஸ், ஸ்டெல்லாவின் தங்கை. (அவள் கோழித் தீவனம் வாங்கிய பழக்கத்தில், நான் அவள் மாமா என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது; அவள் நம்பரும் இருந்திருக்கிறது.)

"அக்கா போனா நாங்கல்லாம் செத்துட்டமா மாமா? ஏன் இப்டி பண்ணப் பாத்தீங்க?"

"ஐயோ, பூனைக்கும்மா! மிமி வயித்துல பூச்சி!"

ஆக்னஸ்தான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்லறையில்கூட அழாதவன், சிரித்துக்கொண்டே இருந்து, உர மூட்டையில் சாய்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். கடைக்காரர் பாவம், இன்னொரு சோடாவை உடைத்தார்.

மிமி சரியான மருந்தைக் குடித்துத் தேறிவிட்டது. இன்றைக்கும் நான் வெளியே கிளம்பினால், "பூச்சி மருந்து வாங்கவா மாமா?" என்று கேலி தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் விருந்தில் கதையை நானே சொல்வேன். கடைக்காரர் என்னைத் தப்பாக நினைத்த இடம் வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மருந்தைத்தான் தப்பாக நினைத்தார். என் முகத்தைச் சரியாகவே பார்த்திருந்தார். அந்த இடத்தில் ஆக்னஸ் மட்டும் சிரிப்பதில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.