முனீப்பிடம் ஒப்படைத்த தாமரை

“நாநா, இது மனசுக்கு ஆறுதல் தாற விளையாட்டு. நீங்க ஏன் இப்பிடி வேர்த்து ஒழுகுறீங்க?”

துறைமுக அலுவலகத்தின் மதிய இடைவேளையில் சக ஊழியர் யுகேந்திரன் இவ்வாறு வினவியபோது, முனீப்பின் கையிலிருந்த டெப்லட்டில் புல்லாங்குழல் மெல்ல இசைத்துக்கொண்டிருந்தது. அந்த இசைக்கு நடுவே நீலத் தாமரையொன்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

தாமரை அவருடையதன்று, அவருடைய மனைவி றம்ஸியாவுடையது. தங்கையின் பிரசவத்துக்காகக் கிண்ணியாவுக்குப் புறப்பட்ட அன்று, அவர் இந்த விளையாட்டுத் தோட்டத்தைக் கணவரிடம் ஒப்படைத்திருந்தார்.

“முற்றத்து அந்தூரியத்தை மழை பாத்துக்கொள்ளும். நீங்க இதை மட்டும் பாருங்க. இது பூத்திச்செண்டா, பூவாளியைத் திரும்ப உங்கட கையில தாறன்.”

செடிகளுக்கு நீரூற்றும் அந்தப் பூவாளி சாதாரண விடயமன்று. சென்ற ஆண்டு மலர்க் கண்காட்சிக்கென றம்ஸியா வளர்த்த அந்தூரியங்கள், முனீப்பின் அளவுகடந்த அன்பினால் அழுகிப்போயிருந்தன. அன்றிலிருந்து பூவாளியைத் தொடும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது.

“குளத்துக்கு எத்தினை தரம் தண்ணி விட்டீங்க, நாநா?”

“காலைல விட்டன். பிறகு, தண்ணி போதாமப் போயிருமோ எண்டு நினைச்சு…”

“நினைச்சு?”

“நினைக்கிற நேரமெல்லாம் விட்டன்.”

யுகேந்திரனின் ஆலோசனைப்படி முனீப் உரமிட்டார். தாமரை சற்று நிமிர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் மேலும் உரமிட்டார். குளத்தைப் பாசி மூடிக்கொண்டது. பாசியை உண்ணட்டும் என்று மீன்களை விட்டார். மீன்களோ தாமரையின் வேரைக் கொறிக்கத் தொடங்கின. மீன்களைப் பிடிக்கக் கொக்கொன்றை வரவழைத்தார். கொக்கு வந்து, தாமரையின் மீதே அமர்ந்துகொண்டது.

மறுநாள் காலையும் அது அசையவில்லை. முனீப் வாசற்படியில் அமர்ந்து விரலால் அதை விரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சீதேவி, வழக்கம்போலக் கறிவேப்பிலை பறிக்க வந்தார்.

“என்ன தம்பி, சூ சூ எண்டு ஆரோட கதை?”

“கொக்கோட, அக்கா. எழும்பமாட்டனெண்டு இருக்குது.”

“ஓம் ஓம். நீங்கள் அதையே பாருங்கோ.”

சீதேவியின் கையில் வாளியொன்று தொங்கியது. முனீப் தலை நிமிரவில்லை.

அன்று அலுவலகத்தில் வைத்தே தாமரை சாய்ந்தது. ‘உங்கள் தோட்டம் சற்று ஓய்வெடுக்கிறது’ என்று திரை மிகுந்த பண்போடு அறிவித்தது.

“இதில செடி சாகவே சாகாது எண்டுதானே விளம்பரத்தில போட்டிருக்கிறாங்கள்!” என்று யுகேந்திரன் வியந்தார். “நீங்கதான் முதல் ஆள் போல, நாநா.”

றம்ஸியா திரும்பிய அன்று, முனீப் டெப்லட்டை இரு கைகளாலும் ஏந்தியபடி வாசல் படலையடியில் நின்றார். பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அவர் விசாரிக்கவில்லை.

“மன்னிச்சிருங்க றம்ஸியா. என்னால காப்பாத்த ஏலாமப் போச்சு. பூவாளியை நீங்களே வச்சிருங்க.”

றம்ஸியா திரையைப் பார்த்தார். கோபம் எதுவும் கொண்டதாகத் தெரியவில்லை.

“முழு நேரமும் இதோடயா இருந்தீங்க?”

“சத்தியமா. வேற ஒண்டையும் தொடவே இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

மாண்டுபோன தாமரைக்கு இறைவனைப் புகழும் இந்த வார்த்தை எவ்வாறு பொருந்தும் என்று முனீப் திகைத்து நின்றபோது, முற்றத்து மூலையிலிருந்து ஈரக் கையோடு வந்த சீதேவி, பூவாளியை றம்ஸியாவிடம் நீட்டினார்.

“இந்தாங்கோ பிள்ளை, அந்தூரியம் எல்லாம் வடிவாப் பூத்திருக்கு. நீங்கள் சொன்னது சரிதான். அந்தத் தாமரை சாகும்வரைக்கும் தம்பி இந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்ல.”