வக்கீல் சாரின் கரை வேட்டி

ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாகத்தான் வரும், நடுவில் எதையாவது மறந்தும் போவேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். மயிலாப்பூரில் ஒரு தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த கோமளா நான். யார் பேசினாலும் துணியைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அப்படிப்பட்ட நான் நடுரோட்டில் கத்தி மானத்தை வாங்கினேன். (என் மானம் கால்வாசி, வக்கீல் சார் மானம் முக்கால்வாசி.)

வக்கீல் சாரின் கறுப்பு கோட்டைப் பல வருஷம் தேய்த்தது நான்தான். எங்கள் ஆற்றோரக் குடிசைகளை இடிக்க வந்தபோது காசு வாங்காமல் கேஸ் நடத்தி நிறுத்தியவர் அவர். அந்தப் பெயரைப் பார்த்து ஒரு கட்சி அவரைச் சேர்த்துக்கொண்டது. தேர்தலில் நிற்க சீட்டு கேட்டவர்களைத் தலைவர் நேரில் கூப்பிட்டுப் பேசும் நாளும் வந்தது. அன்று காலை சாருடைய ஒரே கரை வேட்டி என் வண்டிமேல் இருந்தது. அவருக்குச் சீட்டு கிடைக்க வேண்டுமென்று கோபுரத்தைப் பார்த்துக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். சூடான இஸ்திரிப் பெட்டியை வேட்டிமேலேயே வைத்துவிட்டு.

கண்ணைத் திறந்தால் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். எதிரே சாருடைய டிரைவர் வந்து நிற்கிறார். கருகியதை வண்டிக்கு அடியில் தள்ளினேன். பக்கத்தில் சாருக்கு எதிர்வீட்டு தேவராஜ் சாரின் வேட்டி கிடந்தது. அதே நிறக் கரை, ஒரு கோடு மட்டும் அதிகம். கோடு கூடினால் மதிப்பும் கூடும்தானே என்று அதை மடித்துக் கொடுத்துவிட்டேன். (என் அரசியல் அறிவு அவ்வளவுதான்.)

கொஞ்ச நேரத்தில் தேவராஜ் சார் வேட்டி வாங்க வந்தார். அழுதுகொண்டே சொன்னேன்.

"இன்னாம்மா பண்ணி வச்சிக்கிற! அது எங்க கட்சி கரை. அவங்க எங்கள உட்டுப் பிரிஞ்சி போனவங்க. இத்த கட்டிக்கினு போனா சீட்டு இன்னா, சேர் கூட குடுக்க மாட்டாங்க!"

"ஐயோ, இப்போ இன்னா சார் பண்றது?"

"ஆட்டோ புடிச்சி ஓடு! அப்பிடியே என் வேட்டிய வாங்கிக்கினு வா!"

கருகிய வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கட்சி ஆபீசுக்குப் போனேன். வாசல் முழுக்கத் தொண்டர்கள், டிவி கேமராக்கள். வக்கீல் சார் கும்பிட்டபடி படியேறப் போகிறார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"சார்! சார்! அந்த வேட்டிய அவுருங்க சார்!"

அத்தனை தலையும் திரும்பியது. ஒரு தொண்டர் என்னை மறித்தார். "யாரும்மா நீ? அவரு உன்ன இன்னா பண்ணாரு?"

"அவரு ஒண்ணும் பண்ணல நைனா, நான்தான் பண்ட்டேன்!"

கேமரா என் பக்கம் திரும்பியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். சார் குனிந்து கரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. என் கையிலிருந்ததை வாங்கி, காருக்குள் போய் மாற்றிக்கொண்டு உள்ளே ஓடினார்.

தலைவர் கேட்ட முதல் கேள்வியே, "வாசல்ல ஒரு அம்மா உங்க வேட்டிய அவுக்கச் சொன்னாங்களாமே?" என்பதுதானாம். சார் கருகலைக் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னாராம். தலைவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "மத்தவங்களுக்கு நாம வண்டி வச்சி ஆள் கூட்டியாரணும். உங்களுக்கு ஆட்டோ புடிச்சி வராங்க. போய் தேர்தல் வேலையப் பாருங்க" என்றாராம்.

அந்தத் தேர்தலில் ஜெயித்தார். இப்போது மந்திரி. இன்றும் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் மனைவி, "வேட்டிய கோமளாம்மாகிட்ட காட்டிட்டீங்களா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

எது முன்னே, எது பின்னே என்று நான் மாற்றி எழுதியிருந்தால், அந்த டிரைவரிடம் கேட்டுத் திருத்துங்கள். மந்திரியிடம் மட்டும் கேட்காதீர்கள். மேடைக்கு மேடை சொல்லி, நான் கத்தியதை அடையாறு வரைக்கும் கேட்டதாக்கிவிட்டார்.